கமாவின் பதினோரு கேள்விகள்

பொது நீச்சல் குளத்தில் மாஸ்டருக்குப் பதினாறு வருஷ வேலை. அத்தனை வருஷத்தில் அவர் ஒருநாள்கூட ஆண்கள் உடைமாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் துண்டை அவிழ்த்ததில்லை. பம்பு அறையை ஒட்டி, குளோரின் டப்பாக்கள் அடுக்கியிருக்கும் மூலையில், கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் மாற்றுவார். கூட வேலை செய்தவர்கள் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

விஷயம் இதுதான். பிறந்தபோதே அவருக்கு இடது விதை பைக்குள் இறங்கவில்லை, வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. வீட்டில் கவனித்தபோது அவருக்குப் பதினோரு வயது. அதற்குள் அது சுருங்கிப்போயிருந்ததால் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே, "இது நம்ம வீட்டோட இருக்கட்டும். வெளியில மூச்சு விடாதே" என்றார். அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகியும் மாஸ்டர் மூச்சு விடவில்லை. அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும்.

முப்பத்தெட்டு வயதுவரை கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிக்கொண்டிருந்தார். பிறகு கமா நீச்சல் கற்றுக்கொள்ள வந்தாள்.

கமா என்பது அச்சகத்தில் அவளுக்கு வைத்த பெயர். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் இருக்குமே, எறும்பு சைஸ் எழுத்தில், அதைப் பிழை பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு கமா விட்டுப்போயிருந்தாலும் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவாள். முதல் நாள் வகுப்புக்கு வந்தவள் தண்ணீரில் இறங்கவில்லை. சுவரில் இருந்த விதிப்பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாஸ்டர், 'குளிக்காமல் குளத்தில் இறங்கவும்'னு போட்டிருக்கு."

மாஸ்டர் படித்துப் பார்த்தார். அப்படித்தான் இருந்தது. "ஒன்பது வருஷமா தொங்குது. இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

"எல்லாரும் சொன்ன பேச்சு கேக்கறாங்க போல" என்றாள் கமா, சிரிக்காமல்.

அவளுக்குத் தண்ணீர் என்றால் பயம். மல்லாந்து மிதக்க மட்டும் இரண்டு மாதம் ஆனது. நாலாவது மாதத்தில் குளத்தின் நீளத்தை ஒரே மூச்சில் கடந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க அவரைப் பார்த்தாள். அன்று வகுப்பு முடிந்து இருவரும் காபி குடிக்கப் போனார்கள். அதன்பிறகு அடிக்கடி போனார்கள். அவளுடைய முதல் கல்யாணம் ஒன்றரை வருஷத்தில் முறிந்துபோனதை அவளே சொன்னாள். வேலை போன சேதியை அந்தக் கணவர் ஏழு மாதம் மறைத்து, தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பிப்போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருந்தாராம். "வேலை போனதுக்காக நான் பிரியல" என்று மட்டும் சொன்னாள்.

மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டும் தன் விஷயத்தைச் சொல்லவில்லை. பதிவுத் திருமணத்துக்குத் தேதி குறித்தார்கள். தேதி குறித்த மறுநாள் அவர் தனியாக ஒரு சிறுநீரக அறுவை மருத்துவரைப் பார்க்கப் போனார். செயற்கை விதை வைத்துக்கொள்ளலாம், அவரவர் உடம்புக்கு அளவெடுத்தே செய்து தருகிறார்கள் என்று எங்கோ படித்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஓசைப்படாமல் முடித்துவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

மருத்துவருக்கு அறுபதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார்.

"வைக்கலாம். ஆனா வெச்சா அது பார்வைக்குத்தான். வேலை எதுவும் செய்யாது. இருக்கிறதோட நிலைமையை முதல்ல பாத்துடுவோம். சின்ன வயசுல ஒண்ணு இறங்காம இருந்தவங்களுக்கு மத்ததையும் அப்பப்ப பாத்துக்கணும். யாராவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"மாசத்துக்கு ஒரு தரம் கையால தடவிப் பாப்பீங்களா?"

"அந்தப் பக்கமே நான் போறதில்ல சார்" என்றார் மாஸ்டர்.

கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் முதலில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். கருவியை ஒரே இடத்தில் வைத்து மூன்று நான்கு முறை பொத்தானை அழுத்தினாள். மாஸ்டர் கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

மருத்துவர் படத்தைத் திரையில் காட்டினார். வலது விதைக்குள் சின்னதாக ஒரு கருமை. பதினாலு மில்லிமீட்டர்.

"புத்துநோயாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். ஆரம்ப நிலை. இது நல்லா குணமாகிற வகை. ஆனா எடுத்தாகணும். பாதியை மட்டும் எடுக்கலாமான்னு பாத்தேன், அது இருக்கிற இடம் சரியில்ல." கொஞ்சம் பொறுத்து, "குழந்தை வேணும்னு எண்ணம் இருந்தா, அறுவைக்கு முன்னாடி விந்தணுவை எடுத்துச் சேமிச்சு வெச்சிடலாம். கல்யாணம் ஆகப்போகுதுன்னீங்களே, அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பேசிடுவோம்" என்றார்.

"அவங்களுக்குத் தெரியாது சார்."

"எது தெரியாது?"

"எதுவுமே."

மருத்துவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டார். "சொல்லிடுங்க" என்றார்.

மாஸ்டர் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மடித்த துணியையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அழுகையை அடக்கும்போது அவள் அப்படித்தான்.

"அப்பா சொன்னது பதினோரு வயசுப் பையனுக்குடா. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணுவாங்கன்னு சொன்னாரு. அதையே பிடிச்சுட்டு இவ்வளவு வருஷம் தொங்குவேன்னு அவருக்குத் தெரியுமா?"

"அவ போயிடுவா அக்கா."

"போனா போகட்டும். தெரிஞ்சுட்டுப் போகட்டும்."

மறுநாள் மதியம், வகுப்பு இல்லாத நேரத்தில், மாஸ்டர் கமாவைக் குளத்துக்கு வரச்சொன்னார். ஆழம் குறைந்த பக்கத்தில் காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்தார்கள். அவர் நடந்ததைக் கோர்வையாகச் சொல்லவில்லை. புற்றுநோயில் ஆரம்பித்து, பதினோரு வயதுக்குப் போய், ஸ்கேனுக்கு வந்து, அப்பாவுக்குப் போய், ஒருவழியாக முடித்தார்.

கமா காலால் தண்ணீரை மெல்ல அளைந்தாள். பிறகு, "அந்த டாக்டர்கிட்ட முதல்ல எதுக்குப் போனீங்க?" என்றாள்.

"செயற்கையா ஒண்ணு வெச்சுக்கலாம்னு."

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"என்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

மாஸ்டர் தண்ணீரைப் பார்த்தார். "குடலிறக்க ஆபரேஷன்னு சொல்லலாம்னு இருந்தேன்."

கமா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். ஈரத்தைத் துடைக்காமலே செருப்பைப் போட்டாள். "அந்தப் பூங்கா கதையை உங்ககிட்ட எதுக்குச் சொன்னேன்னு நினைச்சீங்க?" என்றாள். குரல் உயரவில்லை. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை.

மூன்று நாள் அவளிடமிருந்து தகவலே இல்லை. மாஸ்டர் வகுப்பெடுத்தார், ரத்தப் பரிசோதனைக்குப் போனார், வீட்டுக்கு வந்தார். நோயைவிட கமா எழுந்துபோன விதம்தான் மனசை அரித்தது. நாலாம் நாள் காலை அவர் குளத்தின் கதவைத் திறக்கும்போது அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு.

"இன்னும் ஏதாவது இருக்கா? இருந்தா எல்லாத்தையும் இப்பவே சொல்லிடுங்க."

மாஸ்டர் யோசித்தார். "நான் கடல்ல நீந்தினதில்ல."

"என்னது?"

"பயம். முழங்காலுக்கு மேல இறங்கினதே இல்ல. இங்க யாருக்கும் தெரியாது."

கமா அவரையே பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள், ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கோபம் இன்னும் போகல. ஆனா ஆஸ்பத்திரிக்கு நானும் வரேன்" என்றாள்.

அந்த வாரம் இரண்டு முறை விந்தணு வங்கிக்குப் போனார்கள். அடுத்த வாரம் அறுவை. அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பு மடிப்பில் விரல் நீளத்துக்கு வெட்டி விதையை எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் வெளியே பரவவில்லை. இனிமேல் தொடர்ந்து ஸ்கேனும் ரத்தமும் பார்த்து வந்தால் போதும் என்றார் மருத்துவர். ஆண் ஹார்மோனுக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி, ஆயுசுக்கும்.

ஏழு வாரம் கழித்துப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போட அக்கா வந்தாள். கமா பக்கம் அச்சகத்து முதலாளி வந்தார். பதிவுப் புத்தகத்தில் கமாவின் அப்பா பெயரில் ஒரு துணைக்காலை விட்டிருந்தார்கள். அதைத் திருத்தின பிறகுதான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

முதல் சில மாதங்கள் அவ்வளவு சுலபமாக இல்லை. ஊசியின் அளவு பிடிபடும்வரை மாஸ்டருக்குச் சும்மா இருக்கும்போதே வியர்த்துக் கொட்டும். காரணமில்லாமல் எரிச்சல் வரும். குளத்து மேடையில் நிற்கும்போதே தூங்கி வழிந்தார். கமா ஒரு தாளில் தேதி போட்டு, இன்று தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் எப்படி என்று குறித்துவந்தாள். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் ஊசிக்கு இடையிலான நாட்களைக் குறைத்தார். பிறகு மாஸ்டர் மெல்லத் தேறினார்.

ஒரு வருஷம் ஆனது. எல்லாப் பரிசோதனையும் சுத்தமாக வந்த ஒருநாள் மருத்துவர் பழைய பேச்சை எடுத்தார். "முதல்ல எதுக்கு வந்தீங்களோ அது இன்னும் பாக்கி இருக்கு. வேணும்னா செய்யலாம். வேண்டாம்னாலும் ஒண்ணும் குறையில்ல. நிறைய பேர் வெச்சுக்கறதில்ல."

வீட்டுக்கு வரும் வழியில் கமா சொன்னாள்: "எனக்காகன்னா வேண்டாம். எனக்கு அதுல ஒண்ணும் ஆகப்போறதில்ல."

மாஸ்டர் ஒரு வாரம் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கு வேணும்னு தோணுது. யாருக்குக் காட்டவும் இல்ல. குளிக்கும்போது கை பட்டா அங்க ஒண்ணுமே இல்லங்கிறது ஒவ்வொரு நாளும் திடுக்குன்னு இருக்கு."

"அப்ப சரி" என்றாள் கமா. "ஆனா கேள்வி கேக்காம கையெழுத்துப் போடக்கூடாது."

அளவெடுக்கப் போன அன்று அந்தக் கோடு போட்ட நோட்டோடு வந்தாள். பதினோரு கேள்வி எழுதியிருந்தாள். மருத்துவர் மேசை மேல் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மூன்று அளவில் சிலிக்கோன் விதைகள். மாஸ்டர் ஒன்றை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். வழவழப்பாக, நினைத்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

"முதல் கேள்வியே அதுதான்" என்றாள் கமா. "தொட்டா நிஜம் மாதிரி இருக்குமா?"

"கிட்டத்தட்ட. இன்னும் கொஞ்சம் கெட்டியா இருக்கும். குளிர்ல மேல ஏறாது, சூட்டுல கீழ இறங்காது. வெச்ச இடத்துல இருக்கும். சில பேருக்குக் கொஞ்சம் மேலயே நின்னுடும். அது தெரிஞ்சு வெச்சுக்கிட்டா ஏமாத்தம் இருக்காது."

"ஹார்மோன் ஊசியை நிறுத்தலாமா?"

"கூடாது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"ஆயுசுக்கும் இருக்குமா?"

"பல வருஷம் இருக்கும். ஆயுசுக்கும்னு நான் எழுதித் தரமாட்டேன். உறை கிழியலாம், இடம் மாறலாம், சுத்தித் தழும்பு இறுகி வலிக்கலாம். அப்ப எடுக்கவோ மாத்தவோ வேண்டியிருக்கும். எல்லாத்தையும்விட முதல் சில வாரத்துல கிருமித்தொற்று வந்தா, மருந்துக்கு அடங்கலைன்னா, எடுத்துடறதுதான் வழி."

"அளவெடுத்துச் செய்றதுன்னா இதெல்லாம் வராதா?"

மருத்துவர் சிரித்தார். "நல்ல கேள்வி. விளம்பரத்துல அப்படித்தான் தொனிக்கும். அளவெடுத்துச் செஞ்சா பொருத்தம் நல்லா இருக்கும், அவ்வளவுதான். ஆபத்து அதேதான். இன்னும் சொல்லப்போனா, இந்த மூணு அளவும் ஆயிரக்கணக்கான பேருக்கு வெச்சுப் பாத்தது. தனியாச் செய்றதுக்கு அவ்வளவு அனுபவம் கிடையாது. அதனால அவசியம் இருந்தாத்தான் சொல்வேன். உங்க வீட்டுக்காரருக்கு அவசியம் இருக்கு. சின்ன வயசுலேர்ந்து காலியாவே இருந்ததால இடது பக்கம் பை சரியா வளரல, தோல் இறுக்கம். இதுல சின்ன சைஸ்கூட அங்க நெருக்கும்."

"வலது பக்கம்?"

"அங்க நடு சைஸே உக்காரும். ரெண்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. யாருக்கும் ஒண்ணா இருக்கிறதில்ல."

"பெருசா கேக்கறவங்க உண்டா சார்?" என்றார் மாஸ்டர்.

"வர்றவங்கள்ல பாதிப் பேர் கேப்பாங்க. நானும் சரின்னு தலையாட்டலாம். தோல் தலையாட்டாது."

மீதிக் கேள்விகளும் முடிந்தன. எத்தனை வாரம் தண்ணீரில் இறங்கக்கூடாது என்பது மாஸ்டருக்கு முக்கியம். ஆறு வாரம் என்றார் மருத்துவர். பாரம் தூக்குவதும் அதுவரை கூடாது. வைத்த பொருளின் தயாரிப்பு எண் அச்சிட்ட அட்டை ஒன்று தருவோம், அதைத் தொலைக்கக்கூடாது. எந்த மருத்துவரிடம் போனாலும் உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு ஒப்புதல் படிவத்தையும், தனி அளவில் செய்யச் சொல்லும் படிவத்தையும் நீட்டினார்.

கமா பென்சிலை எடுத்தாள். முதல் தாளில் ஒன்றும் இல்லை. இரண்டாவது தாளில் பென்சில் நின்றது.

"டாக்டர், ரெண்டு வரியிலயும் 'இடது'ன்னே இருக்கு."

மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்தார். இடது, மூன்று சென்டிமீட்டர், தனி அளவு. அதன் கீழே இடது, நாலு சென்டிமீட்டர், நடு சைஸ். இரண்டாவது இடதை அடித்து வலது என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். "அறுவைக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் பாப்பாங்க. ஆனா நான் பாத்திருக்கணும்" என்றார். "நன்றி."

எட்டு வாரத்தில் பொருள் வந்தது. அறுவை ஒரு மணி நேரம்தான். அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வாரம் மாஸ்டர் இறுக்கமான ஜட்டியும் ஐஸ் பொட்டலமுமாகச் சோபாவே கதியென்று கிடந்தார். அக்கா வந்து பார்த்துவிட்டு, "ராஜா மாதிரி உக்காந்திருக்கான்" என்று சொல்லிப்போனாள்.

பதினேழாம் நாள் காலை இடது பக்கம் சிவந்திருந்தது. தொட்டால் சூடு.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் மாஸ்டர்.

"சிவப்பு, சூடு, வீக்கம், ஜுரம், இதுல எது வந்தாலும் அன்னிக்கே வரணும்னு தாள்ல போட்டிருக்கு. ஏழாவது வரி. கிளம்புங்க."

உள்ளே சேர்த்து நரம்பு வழியே மருந்து ஏற்றினார்கள். ஐந்து நாள் பார்த்தார்கள். வலது பக்கம் எந்தக் கோளாறும் இல்லை. இடது பக்கம் அடங்கவில்லை. இறுக்கமான தோல் தையலருகே பிளக்க ஆரம்பித்தது. ஆறாம் நாள் அந்தத் தனி அளவு விதையை எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து மாஸ்டர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கமா நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"அவ்வளவு கேள்வி கேட்டோம்" என்றார் மாஸ்டர். "எல்லாம் கேட்டும் இப்படி ஆயிடுச்சு."

"இப்படி ஆகலாம்னு அவரு சொன்னாரு."

"சொன்னாரு. எனக்கு ஆகாதுன்னு நினைச்சேன்."

"நானும்தான்" என்றாள் கமா. அதற்குமேல் தேற்றவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மருத்துவர் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை, சரியான நேரத்துக்கு வந்ததால் ரத்தத்தில் கலக்காமல் தப்பித்தோம் என்றார். ஆறு மாதம் ஆறவிட்டு, இன்னும் சின்னதாக ஒன்று செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மாஸ்டர் மூன்றாம் மாதம் தண்ணீருக்குத் திரும்பினார். முதல் நாட்களில் நினைப்பு முழுக்க அங்கேதான் இருந்தது. உட்கார்ந்தால் தெரிந்தது, படியேறினால் தெரிந்தது. எப்போது தெரியாமல் போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை. குளிக்கும்போது கை பட்டால் இப்போது ஏதோ ஒன்று இருந்தது. வலது பக்கம், கொஞ்சம் கெட்டியாக. அந்தத் திடுக்கிடல் நின்றுபோயிருந்தது.

ஆறு மாதம் கழித்து மருத்துவர் பரிசோதித்துவிட்டு, "தோல் நல்லா ஆறிடுச்சு. இடது பக்கத்துக்கு அளவெடுக்கலாமா?" என்றார்.

மாஸ்டர் சட்டையை உள்ளே செருகிக்கொண்டிருந்தார். "வேண்டாம் சார்."

"பயமா?"

"பயமும் இருக்கு. ஆனா எனக்கு எது குறையா இருந்துச்சோ அது தீந்துடுச்சு. இன்னொரு ஆறு வாரம் சோபாவுல கிடக்க இஷ்டமில்ல."

மருத்துவர் கமாவைப் பார்த்தார். அவள் நோட்டைத் திறக்கவே இல்லை. "அவர் சொல்றதுதான்" என்றாள்.

அடுத்த ஸ்கேனுக்கு நாள் குறித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை ஒன்றுதான் இருந்தது. உயரமானவர் என்பதால் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம்வரை நடந்தார்கள். பயிற்சிப் பிரிவில் சேர்ந்திருக்கும் ஐம்பது வயதுத் தையல்காரரைப் பற்றி, அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கத்துவதைப் பற்றி மாஸ்டர் சொல்லிக்கொண்டே வந்தார். கமா சிரித்துக்கொண்டே வந்தாள். அவர்களுடைய பேருந்து வந்தது. உட்கார இடம் இருந்தது.